கூடு நிறையும் மருந்து

திறந்த வெளியில், ஒரு கல்லின் மேல், ரைபிள் மருந்தைத் தேக்கரண்டி அளவு கொட்டித் தீ வைத்தால் அது வெடிப்பதில்லை. சீறிக்கொண்டு மஞ்சளாக எரிந்து சில நொடிகளில் அடங்கிவிடுகிறது. புகையும் சொற்பம், மிஞ்சும் சாம்பலும் சொற்பம். அதே மருந்தைப் பித்தளைக் கூட்டுக்குள் இட்டு, வாயில் குண்டைச் செருகி, ரைபிளின் அறைக்குள் பூட்டி விசையை இழுத்தால், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை ஏறிவிடுகிறது. .30-06 தோட்டாவுக்கு அமெரிக்க உற்பத்தியாளர்களின் தர அமைப்பு வகுத்திருக்கும் உச்ச வரம்பு அது. .308 வின்செஸ்டருக்கு 62,000, .270 வின்செஸ்டருக்கு 65,000.

கல்லின் மேல் சோம்பலாக எரிந்த பொருள் கூட்டுக்குள் இப்படி மாறக் காரணம் ஒன்றுதான். புகையில்லா மருந்தில் அழுத்தம் கூடினால் எரிவேகம் கூடும். எரிவேகம் கூடினால் அழுத்தம் மேலும் கூடும். ஒன்றை ஒன்று தூண்டும் இந்த ஓட்டத்துக்குக் கடிவாளம் போடுவது, குண்டு முன்னே நகர்ந்து வாயுவுக்கு இடம் விட்டுக்கொண்டே போவது மட்டுமே. 1884-இல் முதல் புகையில்லா ரைபிள் மருந்தை உருவாக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய், எரிவேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவையும் ஒரு சூத்திரமாக வகுத்தார். வேட்டைக்கான தோட்டாவைத் தன் கையால் நிரப்புகிறவர் மருந்து தேர்ந்தெடுப்பது என்பது, தெரிந்தோ தெரியாமலோ, அந்தச் சூத்திரத்துக்குள் கை விடுவதுதான். குண்டு குழலைத் தாண்டுவதற்குள் மருந்து பெரும்பாலும் எரிந்து தீர வேண்டும். ஆனால் குண்டு நகர்ந்து இடம் விடுவதற்கு முன்பே அழுத்தம் வரம்பைத் தொட்டுவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் இடையில் பொருந்தும் மருந்துதான் அந்தத் தோட்டாவுக்கான மருந்து.

அதனால் 'எந்த மருந்து சிறந்தது?' என்று வெறுமனே கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த விலங்கு, எவ்வளவு தூரம் என்பதிலிருந்து குண்டு முடிவாகிறது. குண்டையும் கையில் இருக்கும் ரைபிளையும் வைத்து மருந்து முடிவாகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் பேர் பெற்ற ஒரு மருந்தை வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்ற குண்டைத் தேடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தேடுவது வேகம். வேட்டைக்காரருக்கு அது கடைசித் தேவை என்பது என் உறுதியான கருத்து. கூட்டை நிறைக்கிற, வெயிலிலும் குளிரிலும் குணம் மாறாத, அடுத்த ஆண்டும் கிடைக்கக்கூடிய மருந்து போதும். அதற்கு மேல் தேடிக் கிடைக்கும் ஐம்பது அடி வேகம் எந்த விலங்குக்கும் தெரியப்போவதில்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். நொடிக்கு 2,700 அடி வேகத்தில் புறப்படும் குண்டு ஒன்று 2,650 அடியில் புறப்பட்டால், 100 மீட்டரில் குறி சரிசெய்யப்பட்ட ரைபிளில் 300 மீட்டரில் அது கூடுதலாக இறங்குவது ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். மானின் நெஞ்சில் உயிர்நிலைப் பகுதி சுமார் இருபது சென்டிமீட்டர் அகலம். நிதானமான கை, நெருங்கிச் செல்லும் பொறுமை, காற்றைப் படிக்கும் பழக்கம் ஆகியவை தரும் பலனோடு ஒப்பிட்டால் அந்த இரண்டு சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை.

இனி எரிவேகம். .308 வின்செஸ்டரையும் .243 வின்செஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். உடல் ஒன்றே; .308-இன் கழுத்தைச் சுருக்கினால் .243. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு மருந்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் .308-இல் அந்த வாயு அகலமான குழலில் வெளியேறுகிறது; .243-இல் ஒடுங்கிய குழலில் திணற வேண்டியிருக்கிறது. அதனால் .308-இல் 150 கிரெய்ன் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சிறிய எடை அலகு) குண்டுக்கு வார்கெட், 4895, 4064 போன்ற நடுத்தர வேக மருந்துகள் பொருந்துகின்றன. .243-இல் 100 கிரெய்ன் குண்டுக்கு 4350, 4831 என்று மெதுவான பக்கம் போகிறோம். கூட்டின் கொள்ளளவு பெரிதாகவும் குழலின் துளை சிறிதாகவும் ஆக ஆக மருந்து மெதுவாக எரிய வேண்டும். குண்டு கனமாக ஆக ஆகவும் அப்படியே, ஏனெனில் கனமான குண்டு நகரத் தயங்குகிறது.

.30-06 என்னிடம் நீண்ட நாளாக இருக்கும் ரைபிள். 1906-இல் வந்த அந்தத் தோட்டா இந்தப் பாடத்தை ஒரே கூட்டில் கற்றுத் தருகிறது. 150 கிரெய்ன் குண்டு வைத்தால் 4064 அருமையாக நடந்துகொள்கிறது. 180 கிரெய்னுக்குப் போனால் 4350 வகை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. இன்னும் மெதுவான 4831 கூட வேலை செய்யும். ஆனால் கூடு நிரம்பி வழிகிற அளவுக்குப் போட வேண்டிவரும். 7 மிமீ ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய கூடுகளில் 4831, ரீலோடர் 22 வகைகளே இயல்பானவை. இந்தப் பெயர்களெல்லாம் என் விருப்பப் பட்டியல் அல்ல. குண்டு உற்பத்தியாளர்களின் கையேடுகள் எதைத் திறந்தாலும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறவை. எத்தனை கிரெய்ன் போடுவது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதைக் கையேட்டிலிருந்து, உங்கள் குண்டுக்கு உரிய பக்கத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

எரிவேகப் பட்டியல் என்று ஒன்று உண்டு. வேகமானதிலிருந்து மெதுவானது வரை மருந்துகளை வரிசைப்படுத்தியிருப்பார்கள். சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். எந்தக் குடும்பத்தில் தேட வேண்டும் என்று காட்டும். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மருந்துகளுக்கு இடையிலான தூரம் எவ்வளவு என்று அது சொல்வதில்லை. வேறு தோட்டாவுக்குப் போனால் வரிசையே இடம் மாறலாம். 'பட்டியலில் பக்கத்தில் இருக்கிறது, அதே அளவு போட்டுவிடலாம்' என்று நினைப்பது ரைபிளை உடைக்கும் வழி.

கூடு நிறைவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். புதிதாக வருகிறவர்கள் இதைப் பொருட்படுத்துவதே இல்லை. கூட்டின் கொள்ளளவில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் மருந்து நிறைந்திருந்தால், தோட்டா எந்தக் கோணத்தில் இருந்தாலும் மருந்து, கூட்டின் அடியிலிருந்து அதைப் பற்றவைக்கும் பிரைமரின் வாயருகே இருக்கும். பாதிதான் நிறைந்திருந்தால், மலைச்சரிவில் கீழ்நோக்கிச் சுடும்போது மருந்து குண்டின் பக்கம் சரிந்துவிடும். மேல்நோக்கிச் சுடும்போது பிரைமரின் பக்கம் குவிந்துவிடும். பற்றும் விதம் ஒவ்வொரு முறையும் மாறும், வேகமும் மாறும். நிறைந்த கூட்டில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. கூடு நிறையும் மருந்தில் தவறுதலாக இரண்டு முறை ஊற்றினால் வழிந்துவிடும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்தைச் சிறிதளவு போட்டு ரைபிளுக்கு மெல்லிய தோட்டா செய்கிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. அந்தக் கூட்டில் இரண்டு மடங்கு விழுந்தாலும் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

மெதுவான மருந்தைப் பெரிய கூட்டில் மிகவும் குறைத்துப் போடுவது பாதுகாப்பானது என்று தோன்றும். அது தலைகீழான ஆபத்து. சரியாகப் பற்றாத மருந்து, குண்டைக் குழலின் தொடக்கத்தில் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு, பிறகு மொத்தமாகப் பற்றி அழுத்தத்தை எகிறவைத்த விபத்துகள் பேசப்படுகின்றன. கையேட்டில் தொடக்க அளவு என்று ஒன்று போட்டிருப்பது இதற்காகவும்தான். அதற்குக் கீழே போகாதீர்கள். உதை குறைவான தோட்டா வேண்டும் என்றால் ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எச் 4895-ஐ எடுங்கள். தயாரிப்பாளர்களே அதை உச்ச அளவில் அறுபது விழுக்காடு எஞ்சும் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே அல்ல, என்று வெளியிட்டிருக்கிறார்கள். பழகும் பிள்ளைகளுக்கும் தோள் வலி உள்ளவர்களுக்கும் நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

மருந்தைக் கண்ணால் பார்க்கவும் பழக வேண்டும். எச் 4831-ஐ வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொட்டி உருப்பெருக்கியில் பாருங்கள். நறுக்கிய பென்சில் முனைத் துண்டுகளைப் போலக் கரும்பழுப்பான குச்சிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் மயிரிழை போன்ற ஒரு துளை முழு நீளத்துக்கும் ஓடுகிறது. வெளிப்புறம் எரிந்து சுருங்கச் சுருங்க உள்ளே துளை எரிந்து அகலமாகிறது. அதனால் எரியும் பரப்பு ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. வாயு சீராக வருகிறது. விரலில் தேய்த்தால் கருமையாக ஒட்டுவது கிராஃபைட் பூச்சு. நிலைமின்சாரம் சேராமலும் குச்சிகள் ஒன்றோடொன்று சிக்காமலும் இருக்க அது உதவுகிறது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பூச்சும் மேற்புறத்தில் ஊறியிருக்கிறது. தொடக்கத்தில் எரிவதை அது தாமதப்படுத்துகிறது. மருந்தின் வேகத்தைத் தீர்மானிப்பதில் வேதிப்பொருளுக்கு நிகராக இந்த வடிவத்துக்கும் பூச்சுக்கும் பங்கு உண்டு.

இந்தக் குச்சி மருந்துகளின் குறை, மருந்தை அளந்து கூட்டில் கொட்டும் அளவுக் கருவியில் சரியாக விழாதது. நீளக் குச்சி கருவியின் விளிம்பில் மாட்டி, நறுக்கென்று வெட்டுப்படும் சத்தம் கேட்கும். ஒரு தடவை கூட விழும், மறு தடவை குறையும். எச் 4831-ஐயே குட்டையாக வெட்டித் தனி வகையாக விற்பது இதற்காகத்தான். நான் எந்தக் குச்சி மருந்தையும் கருவியில் சற்றுக் குறைவாக இறக்கி, தராசில் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து நிறுத்துகிறேன். வேட்டைக்குத் தேவைப்படும் தோட்டாக்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. அதற்கு இந்த நேரம் தாராளமாக உண்டு.

உருண்டை மருந்துகள் வேறு கதை. 1930-களில் அமெரிக்காவில் ஃப்ரெட் ஓல்சன் உருவாக்கிய முறை அது. முதல் உலகப் போரில் மிஞ்சிக் கெட்டுப்போய்க்கொண்டிருந்த மருந்தை மீட்டெடுக்கும் முயற்சியில் பிறந்தது. சின்னஞ்சிறு மணிகளாக இருப்பதால் அளவுக் கருவியில் தண்ணீரைப் போல ஓடும். ஒரே இடத்தில் அதிக எடை அடங்கும். பெரும்பாலும் நைட்ரோகிளிசரின் கலந்தவை என்பதால் ஆற்றலும் கூடுதல். நூற்றுக்கணக்கில் நிரப்புகிறவருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் மணியின் பரப்பு எரிய எரியக் குறைவதால், அதை ஈடுகட்ட மேற்பூச்சை அதிகமாக ஏற்றியிருப்பார்கள். அதனால் பற்றுவது கொஞ்சம் கடினம். உறைபனியில் சுடுகிறவர் என்றால், கையேடு சுடர் வலுவான மேக்னம் பிரைமரைக் கேட்கிறதா என்று பார்த்து அதையே போட வேண்டும். பிரைமரை மாற்றினால் அழுத்தமும் மாறும் என்பதால் தொடக்க அளவிலிருந்து மீண்டும் ஏறிவர வேண்டும்.

வேட்டைக்காரர்கள் கேட்காமல் விடும் இன்னொரு கேள்வி, குழல் வாயில் எழும் சுடர். விலங்குகள் வெளியே வருவது கருக்கலிலும் அந்தி சாயும்போதும். அந்த வெளிச்சத்தில் சில மருந்துகள் குழல் வாயில் ஆரஞ்சுப் பந்தாக விரிந்து, சில நொடிகளுக்குக் கண்ணைக் குருடாக்கிவிடும். அடிபட்ட விலங்கு எந்தப் பக்கம் ஓடியது என்று பார்க்க வேண்டிய நொடிகள் அவை. நான் எந்த மருந்தையும் முடிவு செய்யும் முன் அந்தி மங்கும்போது சில தோட்டாக்கள் சுட்டுப் பார்க்கிறேன். பகல் வெளிச்சத்தில் இந்தக் குணம் வெளிப்படுவதே இல்லை.

வெப்பநிலை பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் பெரும்பாலோர் தவறான முனையில் கவலைப்படுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 'குளிரில் வேகம் குறைந்துவிடுமே, குண்டு கீழே இறங்கிவிடுமே' என்பதுதான் வழக்கமான புலம்பல். மேலே போட்ட கணக்கையே பாருங்கள்: குளிரால் ஐம்பது அடி குறைந்தாலும் 300 மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர்தான். அஞ்ச வேண்டியது வெயிலை. குளிர்காலத்தில் உச்ச வரம்பை ஒட்டி ஏற்றி வைத்த தோட்டா, கோடையில் பூட்டிய காருக்குள் கிடந்தால் அதன் அழுத்தம் வரம்பைத் தாண்டலாம். அடுத்தடுத்துச் சுட்டுச் சூடான குழலின் அறையில் ஒரு தோட்டாவைப் பூட்டி வைத்துக்கொண்டு குறி பார்த்திருந்தாலும் இதே நிலைதான். பித்தளை வழியாகச் சூடு மருந்துக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் பெரிய விலங்குகளுக்காக இரட்டைக்குழல் ரைபிள்களைச் செய்தபோது, அவற்றில் போட்ட கார்டைட் மருந்து வெப்பத்துக்கு மிகவும் சலனப்பட்டது. குளிர்ந்த நாட்டில் சரியாக இருந்த தோட்டா ஆப்பிரிக்க, இந்திய வெயிலில் அறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. அதனால் கூட்டைப் பெரிதாக்கி, அழுத்தத்தைத் தாழ்வாக வைத்தார்கள். வெப்பநாடுகளுக்கென்று மருந்து குறைத்த தோட்டாக்களையே தனியாக விற்றார்கள். பாய்ந்து வரும் யானையின் முன் கூடு ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கு இந்தக் குணத்தை அடக்கிய மருந்துகள் கிடைக்கின்றன. ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஆலையில் தயாராகி ஹாட்ஜ்டன் பெயரில் விற்பனையாகும் வார்கெட், எச் 4350, எச் 4831 ஆகியவை இந்த வகையில் நல்ல பெயர் எடுத்தவை. நான் அவற்றின் பக்கம்தான். மற்ற மருந்துகளை ஒதுக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் தோட்டா சந்திக்கப்போகும் அதிகபட்ச வெப்பத்தில் சோதித்து, உச்ச அளவுக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்திக்கொண்டால் எந்த நல்ல மருந்தும் போதும்.

பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட முடியாது. 4350, 4831, 4895 என்ற எண்கள் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் ராணுவ ரைபிள் மருந்துகளுக்கு வைத்தவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புரூஸ் ஹாட்ஜ்டன் ராணுவத்தின் உபரி மருந்தை வாங்கித் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு விற்கத் தொடங்கினார். முதலில் 4895, பிறகு 4831. இந்த 4831 உண்மையில் 20 மிமீ பீரங்கிக்காகச் செய்யப்பட்டது. மலிவாகக் கிடைத்த அந்த மெதுவான மருந்து, .270 வின்செஸ்டர் போன்ற பெரிய கூடுகளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது. ஹாட்ஜ்டனின் மருந்துக்கு எச் 4831 என்று பெயர் நிலைத்தது. 1970-களில் டூபாண்ட் தன் ஐஎம்ஆர் வரிசையில் அதே எண்ணோடு ஐஎம்ஆர் 4831-ஐக் கொண்டுவந்தது. எண் ஒன்று, மருந்து வேறு. ஐஎம்ஆர் 4831 வேகமாக எரிவது. எச் 4831-க்கான உச்ச அளவை எடுத்து ஐஎம்ஆர் 4831-ஐ நிரப்பினால் அழுத்தம் அபாய எல்லைக்குள் போய்விடும்.

என் இளைய நண்பர் ஒருவர் தன் தந்தை விட்டுச் சென்ற பொருட்களிலிருந்து ஒரு மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பழைய தகர டப்பா. அச்சிட்ட தாள் எப்போதோ உரிந்துபோய், அந்த இடத்தில் வெள்ளைக் காகித நாடாவை ஒட்டி '4831' என்று பேனாவால் எழுதியிருந்தது. கூடவே தந்தையின் குறிப்பேடு. அதிலும் குண்டின் எடை, மருந்தின் அளவு, '4831' எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. எழுத்து மட்டும் இல்லை. எச் என்றும் இல்லை, ஐஎம்ஆர் என்றும் இல்லை.

"அப்பா எத்தனையோ ஆண்டுகள் இதைத்தான் போட்டார், அண்ணா. அவர் கணக்கை நம்பலாம் இல்லையா?" என்று கேட்டார்.

"அப்பாவின் கணக்கை நம்புகிறேன், தம்பி. ஆனால் இந்த டப்பாவில் இருப்பது அந்தக் கணக்கில் இருந்த மருந்துதான் என்று யார் சொல்வது?" என்றேன்.

தாளில் கொட்டிப் பார்த்தோம். கரும்பழுப்புக் குச்சிகள். 4831-ஆகவும் இருக்கலாம், 4350-ஆகவும் இருக்கலாம், 4064-ஆகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்லக்கூடிய பிறவி யாரும் இல்லை. ஒருவேளை பழைய டப்பாவில் அவர் வேறு மருந்தை மாற்றி வைத்திருந்தால்? அதை அப்புறப்படுத்த நண்பருக்கு மனம் வரவில்லை. அது அவர் தந்தை தொட்ட பொருள். குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். மருந்தைத் தோட்டத்து மண்ணில் மெல்லிய படலமாகத் தூவிவிட்டோம். நைட்ரஜன் உள்ள பொருள் என்பதால் புல்லுக்கு அது கெடுதல் செய்வதில்லை.

இதனால்தான் என் மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். வேலை முடிந்ததும் கருவியில் மிஞ்சியது அதே டப்பாவுக்குத் திரும்பும். வேறு டப்பாவுக்கு மாற்றுவதோ, மிச்சம் மீதியை ஒன்றாகக் கலப்பதோ கிடையவே கிடையாது. குண்டைச் செருகும் முன் நிரப்பிய கூடுகளை எல்லாம் தட்டில் நிறுத்தி, கைவிளக்கைப் பிடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறேன். இந்த நேரத்தில் யாரோடும் பேசுவதில்லை.

செம்புக் குண்டுகள் வந்த பிறகு மருந்துத் தேர்வில் ஒரு புதிய கணக்கு சேர்ந்திருக்கிறது. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 8.9. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். தோட்டாவின் மொத்த நீளத்தைக் கூட்ட முடியாது என்பதால் அந்தக் கூடுதல் நீளம் கூட்டுக்குள் இறங்கி மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஈயக் குண்டுக்கு நன்றாக அடங்கிய மெதுவான, பருமனான குச்சி மருந்து இப்போது நொறுங்கும் அளவுக்கு அமுங்கலாம். ஒரு படி வேகமான மருந்தோ, அடர்த்தியான மருந்தோ தேவைப்படும். கூடவே எடையையும் ஒரு படி குறைத்துக்கொள்வது நல்லது. .30-06-இல் 180-க்குப் பதில் 165 அல்லது 150. செம்பு விரிவதற்கு வேகம் வேண்டும் என்பதால் இங்கு மட்டும் வேகத்துக்கு நான் கொஞ்சம் மதிப்புத் தருகிறேன். ஈயக் குண்டுக்கு எழுதிய அளவைச் செம்புக் குண்டுக்கு எடுத்துப் போடக் கூடாது. குழலில் அது உரசும் விதமே வேறு.

அழுத்தம் மீறியதா என்று எப்படி அறிவது? பிரைமர் தட்டையாவது, சுட்ட கூட்டை வெளியே தள்ளும் உமிழ்வியின் தடம் கூட்டின் அடியில் பளபளப்பாகப் பதிவது, அறையைப் பூட்டும் போல்ட் கனத்துத் திறப்பது ஆகியவற்றைப் பட்டியலிடுவார்கள். இவை எல்லாம் தாமதமாக வரும் சாட்சிகள். பித்தளை இப்படி அடையாளம் காட்டும்போது பெரும்பாலும் வரம்பு தாண்டியாகிவிட்டது. முன்கூட்டியே எச்சரிப்பது, குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி. கையேடு உச்ச அளவுக்கு ஒரு வேகத்தைக் கொடுத்திருக்கிறது. அதே நீளக் குழலில் உங்கள் தோட்டா அந்த வேகத்தை முன்னதாகவே தொட்டுவிட்டால், அழுத்தமும் அங்கே போய்விட்டது என்று கொள்ளுங்கள். 'என் ரைபிளில் மட்டும் அழுத்தம் ஏறாமல் வேகம் கூடுதலாக வருகிறது' என்று மகிழ்கிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. அந்த வேகத்துக்கான ஆற்றல் வேறெங்கிருந்தும் வருவதில்லை.

குழல் குட்டை என்றால் வேகமான மருந்து வேண்டும் என்பார்கள். அப்படித் தேவையில்லை. அழுத்தம் உச்சத்தைத் தொடுவது குண்டு சில அங்குலம் நகர்ந்த உடனேயே; அதற்குள் மருந்தில் பெரும்பகுதி வேலையைத் தொடங்கிவிடுகிறது. நீளமான குழலில் அதிக வேகம் தரும் மருந்தே பொதுவாகக் குட்டைக் குழலிலும் அதிக வேகம் தருகிறது. சுடரும் சத்தமும் கூடும், அவ்வளவுதான். சத்தமும் சுடரும் தாங்கவில்லை என்று கொஞ்சம் வேகமான மருந்துக்கு மாறினால் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆக, ஒரு ரைபிள், ஒரு குண்டு, ஒரு மருந்து. கையேட்டில் அந்தக் குண்டுக்கு உரிய மருந்துகளில், கூட்டை நன்றாக நிறைப்பதையும் வெப்பத்துக்கு அசையாததையும் குறித்துக்கொண்டு, அவற்றில் உங்களுக்குத் தட்டாமல் கிடைப்பதை எடுங்கள். தொடக்க அளவிலிருந்து அரை அரை கிரெய்னாக ஏறி, ரைபிள் குண்டுகளை நெருக்கமாக ஓரிடத்தில் போடத் தொடங்கியதும் நிறுத்திக்கொள்ளுங்கள். அது உச்ச அளவுக்கு இரண்டு கிரெய்ன் கீழே இருந்தாலும் பரவாயில்லை. ஐந்தாறு மருந்துகளை ஒன்றாக வாங்கி, எதிலாவது அதிசயம் நிகழாதா என்று மாற்றி மாற்றிச் சோதிப்பதில் குழல்தான் தேய்கிறது. ஒரு மருந்தை ஆண்டுக்கணக்கில் போட்டு, கோடையில் அது எப்படி, பனியில் எப்படி என்று அறிந்துவைத்திருப்பவர் கையில் அந்தச் சாதாரண மருந்தே பெரிய பலம்.

சேமிப்பதில் பெரிய வித்தை ஏதும் இல்லை. அதன் சொந்த டப்பாவில், இறுக்கி மூடி, குளிர்ந்த, ஈரமில்லாத, வெயில் படாத இடத்தில் வைத்தால் பல ஆண்டுகள் நிற்கும். நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே மெல்லச் சிதையும் பொருள்; அப்போது வெளிப்படும் அமிலத்தன்மையைப் பிடித்து வைக்க டைஃபினைலமீன் போன்ற நிலைப்படுத்திகளைச் சேர்த்திருக்கிறார்கள். அது தீர்ந்துபோனால் டப்பாவைத் திறக்கும்போதே தெரியும்: நல்ல மருந்தில் இருக்கும் ஈத்தர் வாடைக்குப் பதில் மூக்கை அரிக்கும் புளித்த நெடி, துருப்பிடித்ததுபோல் செந்தூள், சில சமயம் செம்பழுப்புப் புகை. அதை உடனே அப்புறப்படுத்த வேண்டும். கெடும் மருந்து தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது.

புதிய டப்பா வாங்கும்போது அதன் தொகுப்பு எண்ணைப் பார்க்கிறேன். தோட்டா நிரப்புகிறவர்களுக்கு விற்கும் மருந்தைத் தயாரிப்பாளர்கள் கலந்து சமன்செய்தே அனுப்புகிறார்கள் என்றாலும், தொகுப்புக்குத் தொகுப்பு சிறு வேறுபாடு இருக்கும். முடிந்தால் எட்டு பவுண்டு டப்பாவாக வாங்குகிறேன். ஒரே தொகுப்பு நெடுநாள் வரும். தொகுப்பு எண் மாறியிருந்தால் என் வழக்கமான அளவிலிருந்து இரண்டு கிரெய்ன் இறக்கி, வேகமானியை வைத்துக்கொண்டு மீண்டும் ஏறுகிறேன். பழைய அளவில் பழைய வேகமே வந்தால் அப்படியே தொடர்கிறேன். வேகம் கூடினால், எவ்வளவு குறைத்தால் பழைய வேகம் வருகிறதோ அதுவே அந்த டப்பாவுக்கான அளவு. அதை டப்பாவின் மூடியிலும் குறிப்பேட்டிலும் தொகுப்பு எண்ணோடு சேர்த்து எழுதிவிடுகிறேன்.